வாய் திறக்காத மெக்ஸிகோக்காரன்

என் மீசை மட்டும் இல்லையென்றால் துபாய்ப் பக்கம் ஃபுஜைராவில் எனக்கு அந்த வாசலில் நிற்கும் வேலை கிடைத்திருக்காது. நான் வந்தது தட்டு கழுவ. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே பெரிய விஷயம். நான் வந்த கொஞ்ச நாளில் மலப்புரத்துக்கார முதலாளிக்கு ஷவர்மா வியாபாரம் படுத்துவிட்டது. மெஷினைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டார். வாசலில் 'ஒரிஜினல் மெக்ஸிகன்' என்று புது போர்டு மாட்டினார். பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். சமையலுக்கும் பரிமாறவும் இருந்தவர்கள் எல்லாம் நேபாளிகள். கல்லாவில் ஒரு ஃபிலிப்பைன்ஸ் அக்கா. மீசை இருந்தது எனக்கு மட்டும்தான். குடை அகலத்துக்கு ஒரு தொப்பியை எடுத்து என் தலையில் கவிழ்த்தார்.

"எடா, இனி நீயாணு மெக்ஸிகோக்காரன். வாசல்ல நில்லு. சிரிச்சா மதி, அது போதும். வாய் மட்டும் திறக்காதே."

"முதலாளி, என் மூஞ்சியில அறந்தாங்கின்னு எழுதி ஒட்டியிருக்கே."

"இங்க யாரு அறந்தாங்கியைக் கண்டது? மிண்டாம நில்லு."

மிண்டாமல் என்றால் பேசாமல். அதைத்தான் என்னால் முடியாது. ஊரில் என்னிடம் கேலி வாங்காதவன் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் என்னைத் தூரத்தில் பார்த்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனவர்கள் உண்டு. மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையைக் கிண்டலடித்து அடி வாங்கப் பார்த்திருக்கிறேன்.

ஃபுஜைராவில் எனக்கு அமைந்த ரூமில் தமிழ் பேச ஆளில்லை. என் இந்தி வெங்காயம் கேட்கப் போதும். ஒருத்தனைச் சிரிக்க வைக்கப் போதாது. நேபாளப் பையன்கள் நல்லவர்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருத்தன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் கண்ணில் தண்ணி வரச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன், கொஞ்சம் தாமதமாக. ஊர்ப் பையன்களுக்குப் போனில் கிண்டல் அனுப்பினால் 'ஹாஹா' என்று எழுதி அனுப்புவார்கள். எழுதி அனுப்பினால் அது சிரிப்பா? கேலி செய்தால் எதிரில் இருப்பவன் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு முகம், ஒரே ஒரு முகம் கிடைத்தால் போதும் என்றுதான் தினமும் அந்த வாசலில் நின்றேன்.

எங்கள் கடையின் மெக்ஸிகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீன்ஸ் என்று நாங்கள் வைத்தது பக்கத்துக் கடை ராஜ்மா. டோர்டியா என்பது பாக்கெட் சப்பாத்தி. சல்சா, கெச்சப்பில் கொத்தமல்லி தூவியது. யாரும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள். சின்னப் பிள்ளைகள் என் மீசையை இழுத்து, மெக்ஸிகோ வணக்கமாம், 'ஹோலா' என்பார்கள். நான் தொப்பியைத் தொட்டுத் தலையாட்டுவேன். என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எத்தனை வீட்டு போனில் நான் மெக்ஸிகோக்காரனாக இருக்கிறேனோ.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மனிதர் வந்தார். துறைமுகத்து எண்ணெய் டேங்க் வேலைக்காரர்கள் போடும் நீல உடுப்பு. தொந்தி. என் மீசைக்கு அப்பா மாதிரி ஒரு மீசை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து, மூச்சு விடாமல் தன் பாஷையில் கொட்டித் தீர்த்தார். நிஜ மெக்ஸிகோக்காரர்! நான் தொப்பியைத் தொட்டேன். அவர் இன்னும் கொட்டினார். முதலாளி கல்லா அருகிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், உதட்டை அசைக்காமல் சன்னமாகச் சொன்னேன்.

"அண்ணே, நான் அறந்தாங்கி. நீங்க தேடி வந்த ஆளு இவன் இல்லை. சத்தம் போடாம உள்ள போயி உக்காருங்க. வயித்தைப் பார்த்தா மதியம் ஒரு ஆட்டை முழுங்கின மாதிரி இருக்கு, இருந்தாலும் பரவாயில்லை."

ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. என் தொப்பியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தொந்தி குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு. என் வாயிலிருந்து வந்த பேச்சுக்கு நேருக்கு நேர் ஒரு மனிதன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. 

அந்தச் சப்பாத்தியில் ராஜ்மாவை மடித்து, டாக்கோ என்று கொண்டுபோய் வைத்தோம். ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். தன் நாட்டுச் சாப்பாட்டுக்காக துபாய் வரை போய்த் தேடியிருக்கிறாராம், எங்கேயும் போர்டு மட்டும்தானாம். கல்லா அக்காவிடம் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்; எனக்குப் புரியும் நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அவள் எப்போதும் போல எனக்குச் சொன்னாள். பாவமாக இருந்தது. நாங்கள் ஊழியர்கள் தொட்டுக்கொள்ள அரைத்து வைத்திருந்த சட்னி ஒன்று உண்டு, வரமிளகாயும் பூண்டும் சுட்ட தக்காளியும் உப்பும். அதில் ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தேன். தொட்டு நக்கினார். கண் கலங்கியது. கிண்ணத்தைக் காட்டி இன்னொன்று கேட்டார்.

அதிலிருந்து செவ்வாய்தோறும் வந்தார். அதற்குள் முதலாளி செவ்வாய்களில் அஜ்மானில் இருந்த தன் இன்னொரு கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார், எனக்கு வாய் திறக்கத் தடையில்லை. நான் அவர் தொந்தியைத் தமிழில் கிண்டல் செய்வேன். அவர் என் தொப்பியைக் காட்டி ஏதோ சொல்வார், நிச்சயம் மரியாதையாக இருந்திருக்காது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"அப்படி என்னதான் பேசிக்கிறீங்க?" என்று கல்லா அக்கா கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்கா."

ஒரு நாள் அவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். அவர் ஊர்த் தெருவோரத் தள்ளுவண்டி. கம்பியில் சொருகிய செக்கச் சிவந்த கறி சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரு அன்னாசிப்பழம். படத்தைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார். இதைத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அது அச்சு அசல் ஷவர்மா.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"முதலாளி, நிஜ மெக்ஸிகோவில ஷவர்மா கம்பிதான் சுத்துது. நம்ம மெஷினைத் திரும்ப மாட்டிருவோமா?"

"உனக்குப் பிராந்தா, பைத்தியமா? ஷவர்மா வெச்சா இது ஷவர்மா கடைன்னு சொல்லுவாங்க. ஒரிஜினல் போயிரும்."

அடுத்த செவ்வாய் முதலாளி அஜ்மானுக்குக் கிளம்பியதும் மெஷினை வெளியே இழுத்தேன். நேபாள சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டே உதவினார். கோழிக்கறியில் அந்த மிளகாய் விழுதைப் பூசி, கம்பியில் அடுக்கி, உச்சியில் அன்னாசியைக் குத்தினோம். சாயங்காலத்துக்குள் கடை முழுக்க வாசனை. தொந்திக்காரருக்காக ஒரு கிண்டலும் தயார் செய்து வைத்திருந்தேன். தொந்தியும் அன்னாசியும் வரும் கிண்டல். கையால் நடித்துக் காட்டினால் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்.

அவர் வந்தார். தனியாக இல்லை. கூடவே ஒரு வேன் நிறைய ஆட்கள், எல்லாரும் அவர் நாட்டுக்காரர்கள். டேங்க் வேலைக்குப் புதிதாக வந்து இறங்கியவர்கள். கம்பியைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார், தொப்பி கீழே விழுந்தது. கறியைக் காட்டி அவர்களிடம் சத்தமாக ஏதோ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு பெரிய மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் கறி சீவச் சீவத் தட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. சீவிக்கொண்டே அந்த மேசையைப் பார்த்தேன். அங்கே பேசிக்கொண்டிருந்தது அவர் ஒருத்தர்தான். எதிரில் இருந்தவனின் மொட்டைத் தலையைப் பற்றி ஏதோ சொன்னார், மேசையே குலுங்கியது. இன்னொருத்தன் காதைப் பிடித்தார். அவன் முகம் கோணியது, மற்றவர்கள் தட்டில் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தனையும் விட்டு வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் எப்படியோ, அப்படி. இத்தனை செவ்வாய் என்னோடு கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தது, அவரும் வேறு முகம் கிடைக்காமல்தான்.

நடுவில் எவனோ என் தொப்பியைக் காட்டிக் கேட்டான். அவர் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. என்ன சொன்னார் என்றுதான் தெரியவில்லை. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

"உன் ஃபிரண்டு இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கார்" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"போய்ப் பேசலையா நீ?"

"கறி கருகிரும்கா."

தயார் செய்து வைத்திருந்த கிண்டலை, கையில் கத்தியோடு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அக்கா அடுத்த தட்டை நீட்டினாள்.