குழியில் பூத்த காட்டாமணக்கு

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக எங்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்த நிலம் ஒரு ஏக்கர்கூட இல்லை. அதிலும் பாதி காட்டாமணக்குப் புதர். அடுத்தவர் வயலிலேயே நாற்று நட்டுப் பழகிய எனக்கு அது ராஜ்ஜியமாகத் தெரிந்தது. ஒரு போகம் தரிசாகக் கிடந்தால் போதும், பிடுங்கிக்கொள்ள ஆள் காத்திருந்த காலம். எரு இல்லாமல் அந்தக் களர்மண்ணில் எதுவும் நிற்காது. எங்களிடமோ மாடு இல்லை.

என் வீட்டுக்காரரும் நானும் புதரை வெட்டி, தண்டுகளைப் பச்சையாகவே குழியில் போட்டு, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய சாணத்தைக் கரைத்து ஊற்றி மூடினோம். மறு வாரமே கூலிப் போராட்டத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எருவைக் காணோம். தண்டெல்லாம் வேர்விட்டுத் தழைத்து நின்றது. ஊதாப் பூ வேறு. சிறையில் அவரைப் பார்த்ததும் நலம்கூடக் கேட்காமல் சண்டைக்குப் போனேன்.

"உங்க எரு பூத்திருக்கு. வந்து பாருங்க."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"ஈரத்துல கெடந்தா அது துளிர்க்கத்தானே செய்யும்? நாந்தான் மறந்துட்டேன் புள்ள. சருகாக் காய வச்சு, விரல் நீளத்துக்கு நறுக்கி, யார் மாட்டுக்காச்சும் கீழ பரப்பிடு. மிதிபட்டு மூத்திரத்துல ஊறட்டும். அப்புறம் குழியில போடு."

டீக்கடை பாயிடம் இரண்டு பசு இருந்தது. கேட்டதும், "பரப்பிக்கம்மா, மாடும் ஈரமில்லாமப் படுக்கும்" என்றார். காட்டாமணக்கை மாடு வாயில் வைக்காது என்பதால் பயமில்லை. உள்ளங்கை கொப்புளிக்க நறுக்கினேன். காலையில் கொட்டகையில் கூட்டியதைக் குழியில் சேர்த்து, நடுநடுவே பாய் வீட்டுப் பழைய எருவைத் தூவி, பத்து நாளைக்கு ஒருதரம் கிளறிவிட்டேன். அவர் இல்லாத வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. குழியடியில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். அவர் வேண்டும் என்பதை எனக்கு வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

நடவு நெருங்கியபோது எரு கறுத்து உதிர்ந்தது. ஒரு பிடி முந்தானையில் முடிந்து எடுத்துப்போனேன். வாசலில் காவலர் அவிழ்த்துப் பார்த்து, "மண்ணெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா" என்று கொட்டிவிட்டார். வாதாடியும் பலிக்கவில்லை.

உள்ளே போனதும், எரு ஒட்டியிருந்த விரல்களை வலையில் வைத்தேன். அவர் குனிந்து முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார்.

"மக்கிடுச்சு புள்ள. நட்டுடு."

நட்டேன். நிலம் எங்களிடமே நின்றது. அறுவடைக்குப் பிறகு அவரும் வந்தார்; இன்னும் பல போகம் என்னோடு விளைவித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போதும் எருக்குழி கிளறிய நாளில் சாப்பிட உட்காரும்வரை நான் கை கழுவுவதில்லை.