வரிச்சலுகை கேட்ட தெரு

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் ‘மனு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் பாதி இடத்தில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவது அவர் தொழில். ஒரே வருடத்தில் எங்கள் தெருவின் நான்கு வீடுகளுக்கு விற்பனைப் பத்திரம் எழுதினார். நான்கையும் வாங்கி இடித்தது ஒரே ஓட்டல் நிறுவனம். நான்காவது பத்திரத்துக்குப் பிறகுதான் மனு எழுத ஆரம்பித்தார்.

மர பால்கனியும் ஓட்டுக் கூரையுமாக, நூறு வருடம் தாண்டிய வீடுகள் இன்னும் பத்தொன்பது இருந்தன. மனை என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து நகராட்சி வரி போட்டது. ஓட்டல்கள் வர வர வரியும் ஏறியது. வீட்டை இடிக்காமல் காப்பவர்களுக்குப் பாதி வரி, கூரைப் பழுதுக்கு மானியம். அவர் கேட்டது இவ்வளவுதான். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு மனு. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்களே ஒரு கோப்பு சேர்ந்தன.

அவர் குடியிருந்த வீட்டில் பாதி அண்ணனுடையது. ஓட்டல்காரர்கள் அண்ணனிடம் இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“இந்த பட்ஜெட்ல வரலைன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது” என்றார் அண்ணன்.

அந்த நேரத்தில்தான் நகராட்சி நிதிக்குழு கடிதம் அனுப்பியது. மூன்று பேர் நேரில் வந்து வீடுகளைப் பார்ப்பார்கள். தேவை என்று பட்டால் பட்ஜெட்டில் சேர்ப்பார்கள், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

கடிதம் வந்த மறுநாளே தெருவில் சுண்ணாம்பு வாளிகள் இறங்கின. விரிசல்களைக் காலண்டர்கள் மறைத்தன. ஒழுகும் இடத்தில் வைத்திருந்த பாத்திரங்கள் கட்டிலுக்கடியில் போயின.

“அண்ணே, ஒழுகுறதைப் பாக்கத்தான் அவங்களே வர்றாங்க” என்று முடிதிருத்தும் கடைக்காரரிடம் மன்றாடினார் மனு அக்கா.

“நல்லா இருக்கே! கிழிஞ்ச சட்டையப் போட்டுக்கிட்டா போட்டோ எடுப்பாங்க?” என்றார் அவர், தூரிகையை நிறுத்தாமல்.

குழு வந்தது. தலைவி மெலிந்த பெண்மணி, அதிகம் பேசவில்லை. மற்ற பதினெட்டு வீடுகளையும் பார்த்து முடித்து, கடைசியாக மனு அக்காவின் வீட்டுக்கூடத்தில் நின்றார். பின்னாலேயே தெருவும் வந்து நின்றது.

“எல்லாருமே நல்லாத்தானே பராமரிக்கிறீங்க. இதுக்கு அரசாங்கப் பணம் எதுக்கு?” என்று பேனாவைத் திறந்தார்.

கூடத்தின் உட்சுவரை ஒட்டி, அண்ணி ஒரு பெரிய அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்.

“அண்ணி, அலமாரியைக் கொஞ்சம் தள்ளணும்” என்றார் மனு அக்கா.

“துணி அடுக்கியிருக்கு.” அண்ணி குரலைத் தாழ்த்தினார். “மூணாம் மனுஷங்க முன்னால என் மானத்தை வாங்காதே, சொல்லிட்டேன்.”

மனு அக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினார். அலமாரிக் கதவு திறந்து புடவைகள் சரிந்தன. அண்ணன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரையிலிருந்து உத்தரம் வரை சுவர் பிளந்திருந்தது. பக்கத்து முற்றத்தின் வெளிச்சம் அதன் வழியே உள்ளே வந்தது. தலைவி கையை நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டு வரை போனது.

“இது மாதிரி எத்தனை வீடு இருக்கு?”

முடிதிருத்துபவர் தொண்டையைச் செருமினார். “எங்க வீட்டு விரிசல்ல பூனை போய் வருது, மேடம்.”

“பூனை என்ன பூனை!” என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். “என் மாடிப்படியில மூணு படியே கிடையாது. பலகை போட்டுக் கம்பளம் விரிச்சிருக்கேன். நீங்க ஏறினப்போ எனக்கு உயிரே இல்லை.”

தலைவியின் முகம் வெளுத்தது. அதற்கப்புறம் ஆளாளுக்கு, என் வீட்டைப் பாருங்கள், என் கூரையைப் பாருங்கள் என்று இழுத்தார்கள். குழு பதினெட்டு வீடுகளையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

பட்ஜெட்டில் பாதி வரி வந்தது. மானியம் இந்த வருடம் ஆறு வீடுகளுக்கு மட்டும். அதில் மனு அக்காவின் வீடும் உண்டு. ஆனால் சலுகை பெறுபவர் பத்து வருடத்துக்கு வீட்டை விற்கவோ இடிக்கவோ கூடாது. அந்த நிபந்தனையை அண்ணன் இரண்டு முறை படித்தார்.

“பத்து வருஷமா? அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துட்டா?”

“வாரிசு கையெழுத்துக்குத் தனிப் பக்கம் இருக்குண்ணே.”

அண்ணன் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்தை அண்ணி போட்டு, தாளை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். மனு அக்காவுடன் அவர் பேசி மூன்று மாதம் ஆகிறது.