ஓரத்தில் தண்ணி கம்மி

பச்சைமுத்து இடதுபக்க இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு வலதுபக்கம் திரும்புகிறார். பின்னால் மொபெட்டில் நண்டுக் கூடையோடு வந்த பொன்னியம்மாள், விளக்கு இடதுபக்கம் கண்ணடித்ததுமே கொஞ்சமும் தயங்காமல் அந்த இடதுபக்கமாகவே புகுந்து போய்விடுகிறார். ஹாரன் இல்லை, திட்டு இல்லை, தலையில் அடித்துக்கொள்வதும் இல்லை. அவருடைய மினி லாரியான குட்டியானை ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் நுழைந்து மறையும்போதும் அதன் இடதுபக்க விளக்கு, யாரையோ ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் மினுக்கிக்கொண்டே போகிறது.

கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு மீன் பெட்டி ஏற்றிப்போகும் வண்டிகளில் பச்சைமுத்துவின் குட்டியானைதான் மூத்தது. அதற்கு முன்னால் பாதி ஆயுள் ஃபைபர் போட்டில் எஞ்சின் பிடித்தவர். தோள்பட்டை மக்கர் செய்யவே போட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு வண்டிக்கு வந்தார். வந்தது உடம்பு மட்டும்தான். கை இன்னும் போட்டிலேயே இருக்கிறது.

போட்டு எஞ்சினில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இடதுபக்கம் தள்ளினால் படகின் மூக்கான அணியம் வலதுபக்கம் போகும். வலதுபக்கம் தள்ளினால் இடதுபக்கம். இந்த உலக நியதியை வண்டி செய்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்பது பச்சைமுத்துவின் நெடுநாள் வருத்தம். ஸ்டியரிங்கை அவர் மன்னித்துவிட்டார். அது வட்டமான பொருள், அதற்கு நியாயம் அநியாயம் தெரியாது. ஆனால் இன்டிகேட்டர் அப்படியல்ல, குச்சி. குச்சி என்றால் கைப்பிடி, கைப்பிடி என்றால் எதிர்ப்பக்கம்.

"சோத்தாங்கைப் பக்கம் போவணும்னா பீச்சாங்கைப் பக்கம் தள்ளணும். இதுகூடத் தெரியாதவனுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குட்த்தான்?" என்று கேட்பார். அவருக்கு எவன் கொடுத்தான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாலையில் அவர் செல்லும் பாதையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் பல இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். நடுவில் ஆழமாக ஓடும் தடத்தைப் பிடித்துத்தான் போட்டு வரும், போகும். ஓரம் ஒதுங்கினால் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பச்சைமுத்து தார் ரோட்டிலும் நடுத்தடத்தை விடுவதில்லை. ரோட்டுக்கு நடுவே வெள்ளைக்கோடு போட்ட அன்றைக்கு அவர் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. தனக்காகவே அரசாங்கம் ஆழம் பார்த்துக் கோடு கிழித்துக் கொடுத்திருப்பதாக நினைத்து, வண்டியின் மூக்கை அந்தக் கோட்டின்மேல் வைத்தவர்தான், இன்றுவரை எடுக்கவில்லை. மார்கழியில் வாடைக்காற்று அடித்தால் மட்டும், காற்று தள்ளப்போகும் தூரத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டு இன்னும் வலதுபக்கம் ஏறிப் போவார். எதிரே வருகிறவர்கள் இந்த நுட்பத்தைப் பாராட்டுவதில்லை.

"ஓரமாப் போயேன்யா" என்பார் மனைவி தெய்வநாயகி, பக்கத்துச் சீட்டில் கம்பியைப் பிடித்தபடி.

"ஓரத்துல தண்ணி கம்மிம்மே. தரை தட்டும்."

"இது ரோடுய்யா!"

"ரோடுன்னா? ரோட்டுக்கு ஓரம் கெடையாதா?"

தெய்வநாயகி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

கண்ணாடி விஷயம் தனி. எஞ்சின் பிடிக்கிறவன் உட்காரும் இடம் படகின் பின்கோடி. அவன் கண்ணுக்கு முன்னால் முழுப் படகும் இருக்கும், முதுகுக்குப் பின்னால் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து வண்டியின் முன்கோடியில் உட்கார வைத்து, முழு வண்டியையும் முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்க்கும் கெட்ட பழக்கம் இந்த வயதிலா வரும்? இடதுபக்கக் கண்ணாடி, வண்டி வாங்கிய நாளில் மடங்கியது மடங்கியபடியே இருந்தது. வலதுபக்கக் கண்ணாடியில் துண்டு காய்ந்தது.

இத்தனைக்கும் பச்சைமுத்து தன்னை எச்சரிக்கையான ஓட்டுநர் என்றே மனமார நம்புகிறவர். மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். எதிரே ஒரு லாரி கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்துவார்: "டேய்! ரோட்ட இன்னா ஏரின்னு நெனச்சிகினியா?"

குப்பம் இந்த மனிதருக்குப் பழகிவிட்டது. புதிதாக டூவீலர் வாங்குகிறவர்கள் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும், அங்கேயே பெரியவர்கள் முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பச்சைமுத்துவின் விளக்கு எந்தப் பக்கம் கண்ணடிக்கிறதோ, அந்தப் பக்கம்தான் உனக்கு வழி. ஹெல்மெட் எல்லாம் அப்புறம். பாடம் எளிது, மறக்காது. பழவேற்காட்டிலிருந்து திருப்பாலைவனம் வரைக்கும் இதை அறியாத டூவீலர்காரர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். படகில் ஏறி ஏரி பார்க்கவும் மீன் வறுவல் தின்னவும் பட்டணத்திலிருந்து மோட்டார்சைக்கிள்கள் வரும். பாவம், அவர்கள் இன்டிகேட்டரை நம்பும் ஜனங்கள். சாலையோரம் நெல் பயிரிடும் ஆதிநாராயணன் அவர்களைத் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டே இடுப்பு பிடித்துக்கொண்டவர். ஒருநாள் குட்டியானையை மறித்து அவர் சொன்னது இன்னும் டீக்கடைகளில் ஓடுகிறது. "த பாரு பச்சமுத்து, என் கழனில நான் நாத்துதான் நட்றேன். பைக்கு மொளைக்குது. இன்னா பண்ணலாம்னு நீயே சொல்லு."

"அவன் தப்பா ஓட்டிகினு வந்தா நான் இன்னா பண்ண முடியும்?" என்றார் பச்சைமுத்து, மிகுந்த அனுதாபத்தோடு.

நிலைமை இப்படி இருக்கையில்தான் மகள் பானுப்ரியாவுக்குப் பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. பஸ் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. ஸ்கூட்டர் வாங்கப்போவதாகச் சொன்னாள். பச்சைமுத்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"வேணாம் பானு. ரோட்ல ஓட்றவன் ஒருத்தனுக்கும் கண்ணு கெடையாது. எந்தப் பக்கம் திரும்புவான்னே சொல்ல முடியாது."

பானு அம்மாவைப் பார்த்தாள். தெய்வநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஸ்கூட்டர் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாடம் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவள் அந்தக் குட்டியானையிலேயே வளர்ந்தவள். காலையில் அவரும் அவளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். விளக்கு கண்ணடிக்கும் பக்கமாக அவள் லாகவமாகப் புகுந்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். சாயந்திரம் வந்ததும் தினமும் ஒரே பாட்டு: "எனக்குத் தெரியும் நைனா, தப்பிச்சிக்குவேன். தெரியாதவன் இன்னா பண்ணுவான்? வெளக்க நேராப் போடேன் நைனா." அவர் மும்முரமாக மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆதிநாராயணன் கழனியில் வழக்கம்போல ஒரு மோட்டார்சைக்கிள் முளைத்தது. இந்தத் தடவை அதில் ஒரு சின்னப் பெண் குழந்தையும் இருந்தது. அப்பா அம்மாவுக்குச் சேறோடு சரி. குழந்தைக்கும் அடி ஒன்றுமில்லை. சேற்றில் நின்றபடி, காலில் ஒரு செருப்பைக் காணோம் என்று மட்டும் அழுதது. பச்சைமுத்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை முழங்கை வரை சேற்றில் விட்டு, ஏரியில் இறால் தடவுவதுபோல் தடவித் தடவி அந்தச் செருப்பை எடுத்தார். அது அவர் உள்ளங்கையைவிடச் சிறியதாக இருந்தது. வாய்க்காலில் கழுவி, குழந்தையின் காலில் தானே மாட்டிவிட்டார். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும், வலை காயப்போடும் மணல்வெளியில் நின்ற வண்டிக்குள் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தெய்வநாயகி பார்த்தார். எஞ்சின் ஓடவில்லை. குச்சியைத் தள்ளுவதும் முணுமுணுப்பதுமாக இருந்தார். "சோத்தாங்கைக்குச் சோத்தாங்கை. பீச்சாங்கைக்குப் பீச்சாங்கை." ஏதோ வேண்டுதல் என்று நினைத்து தெய்வநாயகி தொந்தரவு செய்யாமல் திரும்பிவிட்டார். பச்சைமுத்துவும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்துத் திருந்துகிற மனிதன் அதை ஊருக்குத் தண்டோரா போட்டா சொல்வான்?

கிளம்பினார். ஐஸ் கம்பெனிச் சந்து வந்தது. வலதுபக்கம் திரும்ப வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை நாள் பழக்கத்தை ஒரு கையால் மடக்கி, வலதுபக்க இன்டிகேட்டரைப் போட்டார். சட்டப்படி. முறைப்படி. பிறகு வலதுபக்கமே திரும்பினார்.

பின்னால் 'கிரீச்' என்றது. அதன் பிறகு 'தொப்'.

வாய்க்காலில் ஒரு ஸ்கூட்டர் தலைகீழாகக் கிடந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஹெல்மெட்டோடு சேறு பூசிய ஓர் உருவம் எழுந்து உட்கார்ந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. குரல் மட்டும் நன்றாகவே வேலை செய்தது.

"இன்னா நைனா இது! சோத்தாங்கைப் பக்கம் வெளக்கு போட்டியே!"

"சோத்தாங்கைப் பக்கந்தானே பானு திரும்பினேன்?"

"அதான் நைனா கேக்கறேன்! என்னிக்கு நீ போட்ட பக்கம் திரும்பியிருக்க?"

பச்சைமுத்து வாய்க்காலில் இறங்கினார். இதுவரை இந்தச் சாலையில் விழுந்தவர்கள் எல்லாரும் தப்பாக ஓட்டினவர்கள். இவள் விழுந்ததோ அவரைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்ததால். அவளுடைய முழங்கையைத் தன் துண்டால் கட்டினார்.

செய்தி பரவி, டீக்கடையில் குப்பமே கூடி ஆலோசனை நடத்தியது. ஸ்கூட்டரை ரிப்பேர் செய்த மெக்கானிக் ரஞ்சித் ஆணித்தரமாகச் சொன்னான்: "அண்ணே, நீ பழையபடியே போடு. ஊரே அதுக்குப் பழகிகிச்சி. இப்பப்போயி திருந்தி எல்லாரையும் பேஜார் பண்ணாத."

"அப்போ பட்டணத்துக்காரன்?" என்றார் பொன்னியம்மாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் நேராப் போடட்டும்."

"ஞாயித்துக்கெழம நான் வண்டி எடுக்க மாட்டனா? நான் விழணுமா?"

"ரெண்டு பக்கமும் சேத்துப் போட்டுட்டுப் போய்யா, பாக்கறவன் பாத்துக்கட்டும்" என்றார் தெய்வநாயகி. நெடுநேரம் பேசியும் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

பானுவின் முழங்கை ஆறியது, ஸ்கூட்டரும் வீட்டுக்கு வந்தது. ஆனாலும் அவள் பஸ்ஸிலேயே போய் வந்தாள். மழை வருவதுபோல் இருக்கிறது என்றாள், டயரில் காற்று இல்லை என்றாள். மூன்றாவது காரணத்தைச் சொல்ல அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், பச்சைமுத்து ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவள் சாப்பாட்டு டப்பாவின்மேல் வைத்துவிட்டு, வண்டிக்குப் போனார். மடங்கியிருந்த கண்ணாடியை நிமிர்த்தினார். துரு பிடித்திருந்ததால் அது முனகிக்கொண்டேதான் திரும்பியது. மற்றதிலிருந்து துண்டை உருவி, அதே துண்டால் இரண்டையும் துடைத்தார்.

குப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், துடைத்த கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தெரிந்தது. பழைய இடைவெளியில் இல்லை. வெகுதூரம் தள்ளி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாத கன்றுக்குட்டிபோல் வந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாக்கினார், அதுவும் மெதுவாகியது. குச்சியின்மேல் கை போயிற்று. எந்தப் பக்கம் தள்ளினாலும் அவள் நம்பப்போவதில்லை. கையை எடுத்துவிட்டார்.

பிறகு பச்சைமுத்து ஸ்டியரிங்கை இடதுபக்கம் வளைத்தார். வண்டியின் மூக்கு வெள்ளைக்கோட்டை விட்டது. தார் முடிந்தது. இடதுபக்கச் சக்கரங்கள் இரண்டும் ஓரத்து ஈர மண்ணில் இறங்கிப் புதைந்தன. வண்டி சாய்ந்தது, பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின, ஐஸ் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டியது. நன்றாகவே தரை தட்டிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ, போ என்று ஆட்டினார். பின்னால் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அந்தக் கையை எப்படிப் படிப்பது என்று அவள் யோசிக்கிறாள் என்பது கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது.

பச்சைமுத்து எஞ்சினை அணைத்தார். சாவியைப் பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே அவள் பார்க்கும்படி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.