ரேக் வந்த அன்று ஊரில் காப்பு

இன்று காலை பதினொன்றரை மணி, புதுக்கோட்டை கூட்ஸ் ஷெட்...

ரேக் வந்துவிட்டது!

பதினெட்டு நாள் காத்திருந்த ரேக். இருபத்தொரு வேகன்.

(ரேக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முழு கூட்ஸ் ரயில். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: அதற்காகக் காத்திருக்கும் வேலை.)

நெல் ஏற்ற வேண்டும். மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. போன வாரத்துக் கோடை மழையில் அடி வரிசை நனைந்துவிட்டது. சாக்கு இழைகளுக்கு நடுவே வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கிறது.

இன்றும் மேற்கே கறுத்திருந்தது.

ஒன்பது மணி நேரம் தருவார்கள். அதற்குள் ஏற்றி முடிக்க வேண்டும். அதாவது இரவு எட்டரை. தாண்டினால் மணிக்கணக்கில் அபராதம்.

முதலாளி போனில் சொன்னார். "இந்த ரேக் லேட்டாச்சுன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்ப்பா."

கத்தவில்லை. மென்மையாகச் சொன்னார். அதுதான் பயம்.

லோடுமேன்கள் அறுபது பேர். எல்லோருக்கும் கறம்பக்குடிப் பக்கம் ஒரே ஊர். அவர்களின் மேஸ்திரி கருப்பையா அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அஞ்சு மணிக்கு நாங்க கெளம்பிருவோம்."

"எங்கண்ணே?"

"ஊருக்குத்தான். காப்புக் கட்டியிருக்குல்ல."

மறந்தே போயிருந்தேன்.

காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை வெளியில் இரவு தங்கக் கூடாது. பல ஊர்களில் உள்ளதுதான். இவர்கள் ஊரில் இன்னும் கெடுபிடி. விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லைக்குள் இருக்க வேண்டும்.

"எட்டரைக்கு முடிச்சிட்டு வேன்ல போனா பத்து மணிக்கு ஊர்ல இருக்கலாமேண்ணே. அது ராத் தங்குறது ஆகாதே?"

"நீங்க படிச்சவுக. வந்து ஆத்தாகிட்டயே வாதாடுங்க."

பின்னால் நின்ற ஐம்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள்.

ரயில்வேயிடம் ரேக் கேட்டு இன்டென்ட் போடும்போது என்ன சரக்கு, எந்த ஊருக்கு, எத்தனை வேகன் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். ஏற்றப் போகிறவர்களிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

(தத்துவத்தில் முதுகலை. மனிதன்தான் மையம் என்று பரீட்சையில் பத்துப் பக்கம்.)

சிமெண்ட் இறக்கும் வேறொரு கூலி செட் டீக்கடையில் இருந்தது. போய்க் கேட்டேன்.

"அவுக லோடுல நாங்க கை வச்சா எங்க மண்டைய ஒடைப்பாக. டீ சாப்பிடுறீங்களா?"

சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

திரும்பி வந்தபோது முதல் நான்கு வேகன்களில் வேலை தொடங்கியிருந்தது. கருப்பையா அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, காப்புக் கட்டையில ஊர்ல இல்லாதவனுக்கு இந்தக் கட்டு கெடையாது."

"அப்படி யாரு இருக்கா?"

"பன்னெண்டு பேரு. நீங்க புடிச்சு வச்ச பன்னெண்டு பேரு."

எட்டு நாளைக்கு முன் உர ரேக் வந்தது. அன்றுதான் காப்பு. மற்றவர்கள் கிளம்ப, கடைசி வேகன்களுக்காகப் பன்னிரண்டு பேரை நிறுத்தினேன். "ஒரு மணி நேரந்தாண்ணே" என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில்.

அந்தப் பன்னிரண்டு பேரில் முருகேசன் அண்ணனும் ஒருவர். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவர் சம்மதித்தால் மற்ற பதினொரு பேரும் நிற்பார்கள் என்றார் மேஸ்திரி.

முருகேசன் அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்வரை வேகன் வாசலில் நின்றேன்.

"அண்ணே, எட்டரை வரைக்கும் நிக்க முடியுமா?"

"எட்டரைன்னா எந்த எட்டரை? அன்னைக்குச் சொன்ன ஒரு மணி நேரம் மாதிரியா?"

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஊரே கோயில்ல நிக்கிது, எம் புருசன் மட்டும் ரயிலடியில நிக்கிறான்னு எம் பொண்டாட்டி எட்டு நாளா மொகங் குடுத்துப் பேசல. ஒங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாதுண்ணே. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். முடிய விடிஞ்சிரும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் அடுத்த மூட்டைக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். திரும்பி வந்தார்.

"நீங்களும் நிக்கணும். ரூம்ல ஃபேனுக்குக் கீழ இல்ல. இங்கிட்டு."

"நிக்கிறேண்ணே."

அதற்குப் பிறகு யாரும் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்து விழுங்கினார்கள். ஐந்து மணிக்குப் பத்தொன்பது வேகன்கள் நிரம்பியிருந்தன. நாற்பத்தெட்டு பேரும் வேன்களில் ஏறிப் போனார்கள்.

மிச்சம் இரண்டு வேகன். பன்னிரண்டு பேர். நான்.

வீரமாக ஒரு மூட்டையைத் தூக்கப் போனேன்.

"ஒத்துங்க தம்பி, மூட்டைக்கு வலிக்கப் போவுது!"

கடைசியில் தூக்கிவிடும் ஆளானேன். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து அடுத்தவர் தலைக்கு ஏற்றிவிடுவது. நூறு வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. நனைந்த மூட்டைகளை ஒதுக்கி வைத்தோம். உள்ளங்கையில் முளையின் ஈரம்.

எட்டு மணிக்குத் தூறல். ஏற்ற வேண்டிய நெல்லெல்லாம் அப்போது வேகன் கூரைக்கு அடியில்.

எட்டு பத்துக்குக் கடைசிக் கதவைச் சாத்தினார்கள். இருபது நிமிடம் மிச்சம்!

தண்டவாளத்து ஓரம் உட்கார்ந்தோம். முருகேசன் அண்ணன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினார்.

"அடுத்த வருசம் காப்புக்கு மொத ஆளா நான் நிப்பேன். அன்னைக்கு ஒங்க போனை எடுக்க மாட்டேன்."

"நான் போன் பண்ண மாட்டேண்ணே."

"பண்ணுவீக." சிரித்தார். எட்டு நாளுக்குப் பிறகு.

இப்போது வீட்டில் இருக்கிறேன். தோள் என்று ஒன்று உடம்பில் இருப்பது தெரிகிறது. முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரு கட்டைவிரல்.

அடுத்த இன்டென்ட் படிவம் மேசையில் கிடக்கிறது. சரக்கு, சேருமிடம், வேகன் எண்ணிக்கை. அவ்வளவுதான் கட்டங்கள். ஓரத்தில் பேனாவால் நானே ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, புதுக்கோட்டை, கறம்பக்குடி சுற்று வட்டாரத்தில் உங்கள் ஊரில் காப்பு என்றைக்கு?

கமெண்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நாளை காலை அடுத்த ரேக்குக்கு நான் தேதி குறிக்க வேண்டும்.