ஃபைலை யார் தொட்டது?

கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் இருப்பவரையும் ஆபீஸில் ஃபைலுக்குக் காவல் இருப்பவரையும், பொருள் காணாமல் போகும்வரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் அந்த இரண்டாவது ரகக் காவல்காரன். பதவியின் பெயர் சிஸ்டம் இன்சார்ஜ். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், ஏசியில் தண்ணீர் ஒழுகினாலும் நான்தான். இதே பதவியில் வேறு ஊர்களில் வாடிக்கொண்டிருந்த சகோதரர்களே, மேலே படியுங்கள். நம் கதைதான்.

ஒன்பது ஃபைனல்

கம்பெனியில் எட்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர். எல்லோருடைய ஃபைலும் சர்வரில் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், பிறகு "நானில்லீங்க" என்று சொல்லலாம். மெர்ச்சண்டைசர் ஜெயராணி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பையர், அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர், அனுப்புகிற சட்டை அளவுகளை எக்செலில் ஏற்றுவது அவள் வேலை. ஒருநாள் ஒரே டி-சர்ட்டுக்கு ஒன்பது அளவு ஃபைல் இருப்பதைப் பார்த்தேன். ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் நியூ ஓகே என்று வளர்ந்து, கடைசியில் 'இதுதான் ஃபைனல்' என்று ஒன்று.

இதில் எது நிஜம் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் அசராமல் விளக்கினாள்: "ஃபைனல்னா பையரு ஓகே சொன்னதுண்ணே. ஃபைனல் நியூன்னா அவரு மாத்திச் சொன்னது. 'இதுதான்'னு போட்டிருக்கது நான் அழுதுக்கிட்டே சேவ் பண்ணது."

வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார்

நான் அனுப்பர்பாளையத்துக்காரன். பாத்திரப் பட்டறைகள் நிறைந்த, சொம்பு வாங்கினால் உடனே அதில் பேர் வெட்டிவிடுகிற ஊர். ஃபைலுக்கும் பேர் வெட்டினால் என்ன என்று தோன்றியது. ஒரு ஃபோல்டரில் எது மாறினாலும் சொல்லு என்று விண்டோஸிடம் கேட்டு வைத்தால் அது சொல்லும். யார் மாற்றியது என்பதைத் தனியாக ஒரு பதிவில் எழுதியும் வைக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி சர்வரில் உட்கார வைத்தேன். ஆபீஸில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் விழுந்தது.

முதல் நாள் பதிவை பிரின்ட் எடுத்து முதலாளியிடம் பெருமையாக நீட்டினேன். படித்தவர் முகம் கறுத்துவிட்டது. ஜெயராணி ஒரே நாளில் நாற்பது ஃபைலை டெலிட் செய்திருப்பதாக அதில் இருந்தது. எக்செல் அப்படித்தான். நாம் ஒரு தடவை சேவ் கொடுத்தால், அது வேறு பெயரில் புதிதாக ஒன்றை எழுதி, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். வாட்ச்மேனுக்கு அந்த சூட்சுமம் தெரியாது, கண்டதையெல்லாம் எழுதிவிட்டார். இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முடிந்ததும் முதலாளி மனம் குளிர்ந்து, எக்செலில் நடுவே ஒரு வரி எப்படி நுழைப்பது என்று சந்தேகம் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துவிட்டேன். போகும்போது முதலாளி சொன்னார்: "ஏந் தம்பி, ஒருக்கா சேவ் பண்றதுக்கு இத்தன சடங்குங்களா? எங்கூட்டுக் கல்யாணத்துல கூட இத்தன இல்லீங்களே!"

வெள்ளிக்கிழமை 'நோ'

அடுத்த வாரம் வாட்ச்மேன் கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமியைப் பிடித்தார். மனிதர் துணி வெட்ட வேண்டிய அளவுகள் இருக்கும் கட்டிங் ஷீட்டைத் திறந்து பிரின்ட் எடுப்பதோடு சரி, எழுத்து அடிக்கவே தெரியாது. ஆனால் அவர் தொட்ட ஃபைல் எல்லாம் மாறியதாகப் பதிவு. பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடும்போது எக்செல் "சேவ் செய்யட்டுமா?" என்று கேட்கிறது. மாஸ்டர் பயபக்தியோடு 'யெஸ்' அமுக்குகிறார்.

ஒன்றும் மாற்றவில்லையே, 'நோ' அமுக்குங்கள் என்றேன். அரிசி தீர்ந்தால்கூட 'நெறஞ்சிருக்கு' என்று சொல்கிற வீட்டில் பிறந்தவர் அவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, வெள்ளிக்கெழமயும் அதுவுமா கம்பெனிக்குள்ள வந்து 'நோ'ன்னு அமுத்தச் சொல்றீங்களே, வெளங்குமுங்களா?"

முழங்கால் வரை டி-சர்ட்

ஆயுத பூஜை முடிந்து, மவுஸில் அப்பிய சந்தனத்தை நான் சுரண்டி முடித்த மறுநாள் அது நடந்தது. பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் இருபது பீஸ் தைத்து வந்தது. டி-சர்ட் முழங்காலைத் தொட்டது. தோள் இரண்டு ஆள் அகலம். கழுத்தில் தலையை விட்டால் உடம்பே வெளியே வந்துவிடும். மாஸ்டரிடம் முதலாளி கத்தினார். மாஸ்டர் கட்டிங் ஷீட்டைக் காட்டினார். ஷீட்டில் அந்த அளவுதான் இருந்தது. உங்களுக்குச் சந்தேகமே வரலையா என்று நான் கேட்டேன். "போன மாசம் பையரு கிழிஞ்ச மாதிரி தெச்சுக் குடுங்கன்னானுங்க, தெச்சமுங்க. இதுல என்னத்தங்க சந்தேகப்படறது?"

சாயங்காலம் நாலு மணி

வேடிக்கை இதோடு போயிருக்கலாம். போகவில்லை. கட்டிங் ஷீட் தன் எண்களை ஜெயராணியின் அளவு ஃபைலிலிருந்துதான் எடுக்கும். அப்படி இணைத்தவன் நான். அவள் ஃபைலைத் திறந்தால் எல்லா அளவும் சரியாக இருந்தது. தப்பாக அடித்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் சத்தமில்லாமல் திருத்திவிட்டாள் என்று முதலாளி முடிவு கட்டினார். நாலு மணிக்குள் வாட்ச்மேன் பதிவு வர வேண்டும், அதில் அவள் பெயர் இருந்தால் இன்றோடு கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றார்.

ஜெயராணி என் மேஜைப் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முடித்த முகம். அவள் பெயரைத் தேடப் போகிற புரோகிராமை எழுதியதே நான். அவள் மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணே, நான் தொடவே இல்ல. வேலையில்லன்னு ஊருக்குப் போனேன்னா, மறு வாரமே எங்க மாமா மவனுக்குக் கட்டி வச்சிருவாக. அவரு இட்லிக்கே குருமா கேக்குத ஆளுண்ணே."

கடைசியாகத் தொட்டவர்

பதிவைத் தேடினேன். ஜெயராணி அளவு ஃபைலைத் தொட்டது பூஜைக்கு இரண்டு நாள் முன்பு. அதற்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம், பூஜை அன்று காலையில். நாங்கள் எல்லோரும் மிஷின் ஹாலில் ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்து, பொரி வாங்க வரிசையில் நின்ற நேரம். அந்த ஒரு ஃபைல் மட்டுமில்லை. ஃபோல்டரில் இருந்த நூற்றுச்சொச்சம் ஃபைலும், நிமிடத்துக்கு ஒன்றாக, வரிசையாக மாறியிருந்தன. செய்தவர் பெயர் எல்லா வரியிலும் ஒன்றுதான்: 'எம்டி'. அதாவது முதலாளி.

அளவு ஃபைலை மறுபடி திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக நுழைத்த ஒரு வரியில், குட்டியாக ஒரு 'உ'. பிள்ளையார் சுழி! காலையிலிருந்து நாங்கள் மூன்று பேர் அதைப் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. நம்மூரில் ஒரு காகிதத்தின் மேல் 'உ' இல்லாவிட்டால்தான் கண்ணில் படும். பிள்ளையார் வந்து உட்கார்ந்ததும் அளவுகள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. கட்டிங் ஷீட்டுக்கு வரியின் நம்பர் மட்டும்தான் தெரியும். நீளம் இருந்த வரியில் இப்போது மார்பு அளவு, தோள் இருந்த வரியில் நீளம், கழுத்து இருந்த வரியில் கை. அது பாட்டுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது.

நாலு மணிக்கு இரண்டு பக்க பிரின்டோடு போனேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'எம்டி, எம்டி' என்று கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். ஜெயராணி கதவோரம் நின்றிருந்தாள். நான் விஷயத்தை விளக்கினேன். அவர் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து ஜெயராணியிடம் வந்தார். "தப்பு என்ற மேலதாங் கண்ணு, மனசுல வெச்சுக்காத. இத்தன ஃபைல்ல ஒண்ணுலகூட சுழி இல்லியேன்னு மனசு கேக்கல. நல்லதுன்னுதான் பண்ணிப்போட்டேன்."

பிள்ளையாரை எடுக்கலாமா?

அன்று ராத்திரி ஷிஃப்டில் சாம்பிள் மறுபடி தைத்து, மறுநாள் கூரியரில் போனது. நீளச் சட்டை இருபதையும் எங்களிடம் தைக்கிற பீகார் பையன்கள் குர்தா என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பிள்ளையார். சுழி இருந்த வரிகளை அழித்தால் இரண்டு மணி நேர வேலை. யார் அழிப்பது? மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். முதலாளி அவசர வேலை இருப்பது போல மிஷின் ஹால் பக்கம் போய்விட்டார். நானும் கை வைத்துப் பார்த்தேன், விரல் டெலிட் பட்டனுக்குப் போகவில்லை. கடைசியில் எல்லா கட்டிங் ஷீட்டிலும் கணக்கை ஒரு வரி கீழே இறக்கி எழுதினேன். இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் எல்லா ஃபைலும் இரண்டாவது வரியில்தான் ஆரம்பம்.

அடுத்த ஆர்டருக்கு ஜெயராணி புது அளவு ஃபைல் திறந்தாள். கழுத்தில் சிலுவைச் செயின் ஆட, முதல் வரியில் அழகாக ஒரு 'உ' போட்டாள். நான் ஆச்சரியமாகப் பார்த்ததும் சிரித்தாள்: "அவரு இடத்த அவருக்கு முதல்லயே குடுத்துட்டா, நடுவுல வந்து நெருக்க மாட்டாருல்லாண்ணே."

அன்று சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சம்பளம் ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, சர்வருக்குக் கேட்டுவிடுமோ என்பது போல ரகசியக் குரலில் சொன்னார்: "தம்பி, நம்ம வாட்ச்மேன் நல்லாத்தான் வேல செய்யறான். எம்பட பேர மட்டும் எழுத வேண்டாம்னு அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

ஃபைலைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன புரோகிராம் போதும், அதை அவரிடமே சொல்லிவிட்டு மறுநாளும் அதே நாற்காலியில் வந்து உட்காருவதற்குத்தான் பிள்ளையார் துணை வேண்டியிருக்கிறது.