நல்ல தண்ணி

எந்த வேலையையும் ஒரு முறை பார்த்தால் போதும், செய்துவிடுவேன். மின்தூக்கி பழுதுபார்ப்பது என் தொழில். சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எத்தனையோ அடுக்குமாடி புளோக்குகளில் மக்கள் என்னை நம்பித்தான் ஏறி இறங்குகிறார்கள். ஆகவே வரவேற்பறையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்க்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் என் மனைவிக்குத்தான்.

முதல் ஐந்து வாரம் தொட்டியில் உப்புத் தண்ணீரும் பாறையும் மட்டுமே. மீன் கழிவைத் தின்னும் கிருமிகள் முதலில் பாறையில் குடியேற வேண்டும்.

“கல்லப் பாக்கவா இவ்ளோ நேரம் உக்காந்திருக்கீங்க?” என்று மனைவி கேலி செய்தாள்.

பிறகு வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு சிவப்பு இறால், சில நத்தைகள், கைப்பிடியளவு பச்சைப் பவளம் எல்லாம் வந்து சேர்ந்தன. கேலி நின்றது. அவள் கையை உள்ளே விட்டால் இறால் ஓடி வந்து நகத்தைச் சுத்தம் செய்யும். “என் பியூட்டி பார்லர் லா” என்று தோழிகளிடம் பெருமையடித்தாள்.

விசிறிக் காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றியது. வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன்.

“உப்பு எங்கயும் போகாதுண்ணே, தண்ணிதான் கொறையும். அதனால உப்புத் தண்ணி ஊத்தாதீங்க, நல்ல தண்ணி ஊத்துங்க. நம்மகிட்ட கேன்ல இருக்கு, எடுத்துட்டுப் போங்க.”

“வேணாம்மா, வீட்லயே நல்ல தண்ணி இருக்கு” என்றேன்.

சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையில் வாங்கிய செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். அதைவிட நல்ல தண்ணீர் ஏது? தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றினேன்.

சில வாரங்களில் இறால் மணலில் செத்துக் கிடந்தது. மனைவி அழுதாள். பவளம் சுருங்கிப்போனது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நீந்தின.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். “உன் பொகதான். தொட்டிக்குக் காத்தடிக்கிற மோட்டார் அதை உறிஞ்சித் தண்ணிக்குள்ள தள்ளிடுச்சு” என்றேன். விளக்கம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அவள் அன்றே சாம்பிராணியை நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரம் கழித்தும் நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. தொட்டித் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பெண் சோதித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எந்தத் தண்ணிண்ணே ஊத்துறீங்க?”

பெருமையாகச் சொன்னேன்.

“செம்பா? ஐயோ! எறா, நத்த, பவளம் எல்லாத்துக்கும் செம்பு விஷம்ணே. மீன் தாங்கும், அதுங்க தாங்காது.”

செம்பை உறிஞ்சும் கரியையும் ஒரு கேன் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தேன். சொல்லாவிட்டால் மனைவிக்குத் தெரியப்போவதே இல்லை. புகை நின்றதால் பவளம் பிழைத்தது என்று நம்பிக்கொள்வாள். வீடு வரும்வரை அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மூணு வாரமா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன். என் கையாலயே எறாவக் கொன்னுட்டேன்னு.”

“அப்பவே என்கூடச் சண்ட போட்டிருக்கலாம்ல?”

“நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தொட்டித் தண்ணீரை மாற்ற நான் வாளியைத் தூக்கியதும் அவள் எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“தள்ளுங்க. எந்தத் தண்ணின்னு இனிமே நான் பாத்துக்கிறேன்.”