குதித்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர்

போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கிறது. 'கொடைக்கானல் குளிருக்கு அது நல்லதுதான்' என்கிறாள் மனைவி. நான் சீரியஸாகச் சொல்கிறேன் சார்!

எங்கள் பஜாரில் பழக்கடை வைத்திருப்பவர் கந்தசாமி அண்ணன். இளவயதில் பட்டணத்துக்கு ஓடிப்போய், ஓர் ஊமைப் படத்தில் கதாநாயகனாக நடித்தவர். அருவியில்கூட அவரே குதித்தாராம். நாங்கள் நம்பினோம். நம்பாத ஒரே ஜீவன் – அவர் மனைவி பேச்சியம்மாள்.

"பேரிக்காக் கூடையத் தூக்கவே இடுப்புப் பிடிக்குது. இவரு அருவியில குதிச்சாராக்கும்!"

வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொல்வார். அண்ணன் ஆரஞ்சைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில்தான் டென்ட் கொட்டகையில் ஒரு பழைய டாக்கியின், அதாவது பேசும் படத்தின், போஸ்டரை ஒட்டினார்கள். அண்ணன் நடித்த படத்தின் அதே பெயர்!

"நம்ம படத்துக்குத்தான் பேச்சைச் சேத்திருக்காய்ங்க" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே!" என்று தலையாட்டி, பஜாரையே திரட்டிக்கொண்டு போன மேதை... அடியேன்தான். பேச்சியம்மாளைப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார வைத்ததும் நானே.

கதாநாயகன் வந்தார். "அண்ணன்டோய்!" என்று விசிலடித்தேன். திரையில் நின்றதோ, பூசணிக்காய்க்குப் பவுடர் பூசியது போல் வேறொரு ஆசாமி!

விஷயம் இதுதான். அண்ணனுக்குப் பாட வராது. ஆகவே பாடுகிற ஆளைப் போட்டு, அதே கதையை மறுபடி எடுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு தபால் கார்டு போட்டுச் சொல்லக்கூடாதா? ஊமைப் படத்தில் அம்மா செத்தால் மகன் அழுவானாம். இதில் மகன் பாடுகிறான். செத்த அம்மாவும் கூடச் சேர்ந்து பாடுகிறாள்!

"ஏலே, ஒங்க அண்ணன் எங்கடா? திரைக்குப் பின்னால பழம் விக்கிறாரா?" – பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

அண்ணன் மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். "வாப்பா, வெரசாப் போவோம். கடையில சோலி கெடக்கு."

அப்போது அருவி வந்தது. படம் திடீரென்று மங்கி, ஒல்லியான ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் வேட்டியைக் கொத்தாகப் பிடித்தபடி கோணல்மாணலாக ஓடி... தொபுக்கடீர்!

பேச்சியம்மாள் எழுந்துவிட்டார். "ஆத்தாடி! காட்டுமாட்டைக் கண்டா இவரு இப்படித்தானே ஓடுவாரு! ஏங்க... நெசமாவே குதிச்சீங்களா?"

பார்த்தீர்களா அநியாயத்தை? ஆளை விட்டுவிட்டு, அவர் குதித்ததை மட்டும் பழைய பிலிமிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

அண்ணன் மப்ளரை அவிழ்த்தார்.

அதற்குள் பூசணிக்காய் கரையேறிப் பாட ஆரம்பித்துவிட்டது. தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பேச்சியம்மாள் விடுவாரா?

"குதிச்சது எம் புருசன்! நனையாம வந்து பாடுறியே, நீ யாருடா?"

அந்தப் படத்தை எடுத்த முதலாளி சீசனுக்கு இங்கே வருவதாக இருந்தால் ஒரு யோசனை – இங்கே பழக்கடையில் பேச்சியம்மாள் இருப்பார், பழத்தைப் பழனியிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் ஐயா!